செயற்றிட்ட முகாமைத்துவ உத்தியோகமும் நம் இளைஞரும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞருக்குப் பயன்படும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் எம்மைக் கேட்டபோது, அறிஞர் பலர் அமர்ந்திருக்கும் சபையிலே, பட்டப்படிப்பையே இன்னும் முடிக்காத நாம் எதனைக் கூறுவது என்று தயங்கினோம். ஆயினும், சென்ற ஓராண்டாக எம்மையும் எம் வகுப்புத் தோழரையும் இரவும் பகலும் வாட்டும் விஷயம் ஒன்று உண்டு. அஃது உத்தியோகம். அதிலும் விசேடமாக, இக்காலத்திலே பத்திரிகைகளிலும் இணையத்திலும் அடிக்கடி விளம்பரமாகக் காணப்படும் 'செயற்றிட்ட முகாமையாளர்' என்னும் உத்தியோகம். அதற்கு விண்ணப்பிப்போர் பலர். தெரிவு செய்யப்படுவோர் சிலர். அந்தப் பலருள் ஒருவர் தனித்துத் தோன்றுவது எங்ஙனம் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம். நாம் உத்தியோகம் கொடுக்கும் இடத்தில் இருப்பவரல்லர். கேட்டு நிற்கும் இடத்தில் இருப்பவர். பயிற்சி நியமனங்களுக்காக நேர்முகப் பரீட்சைகளுக்குச் சென்று கண்டவற்றையும், எமக்கு முன் சென்ற நண்பர்களிடம் கேட்டறிந்தவற்றையும், நூல்களிற் கற்றவற்றையுமே இங்கு தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலில் இந்த உத்தியோகம் யாதென அறிதல் வேண்டும். ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், எழுதுவினைஞர் என்றால் நம் பெற்றோருக்கு உடனே விளங்கும். 'செயற்றிட்ட முகாமையாளர்' என்றால், "அது என்ன வேலை, தம்பி?" என்று கேட்கின்றனர். செயற்றிட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கருமம். நாள்தோறும் ஒரே வகையாய் நடக்கும் வேலை செயற்றிட்டமாகாது. வைத்தியசாலையிலே நோயாளரைப் பார்த்து மருந்து கொடுப்பது நித்திய கடமை. அதே வைத்தியசாலைக்குப் புதியதொரு விடுதியைக் கட்டி, கட்டில் போட்டு, குறித்த நாளிலே திறந்துவைப்பது செயற்றிட்டம். அதனைக் குறித்த காலத்தில், குறித்த பணத்தில், சொன்ன தரத்தில் முடித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்பவரே முகாமையாளர்.

இன்று நம் நாட்டிலே இவ்வுத்தியோகம் மென்பொருள் நிறுவனங்களில் உண்டு. கட்டட ஒப்பந்த நிறுவனங்களில் உண்டு. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி முதலியவற்றின் உதவியோடு நடைபெறும் வீதி, குடிநீர், கல்வித் திட்டங்களின் அலுவலகங்களில் உண்டு. அரசசார்பற்ற நிறுவனங்களிலும் உண்டு. புதிதாகச் சேர்பவர் முகாமையாளராகவே சேர்வது அரிது. செயற்றிட்ட உதவியாளர், இணைப்பாளர், உத்தியோகத்தர் என்னும் படிகளில் ஏறியே அவ்விடத்தை அடைகின்றனர். ஆகவே நாம் கூறப்போவன அந்த முதற்படியில் கால்வைக்க விரும்புவோருக்கே முக்கியமாக உரியன.

காலம், பணம், வேலையின் அளவும் தரமும் என்னும் மூன்று கயிறுகளையும் ஒரே கையிற் பிடிப்பவர் முகாமையாளர். ஒன்றை இழுத்தால் மற்றவை அசையாமல் இரா. இதற்கு உலகறிந்த உதாரணம் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ஒப்பேரா மண்டபம். 1957 இல் நடந்த போட்டியிலே டென்மார்க் தேசத்துக் கட்டடக் கலைஞர் ஜோர்ன் உற்சொனின் வரைபடம் தெரிவாயிற்று. 1959 இல் வேலை தொடங்கிற்று. 1963 இல் முடியும் என்றனர். டொலர்க் கணக்கிற் கூறினால் 70 இலட்சம் செலவாகும் என்றனர். திறக்கப்பட்டதோ 1973 இல். செலவானதோ 10 கோடியே 20 இலட்சம். சிப்பிகள் போன்ற அந்தக் கூரையை எவ்வாறு கட்டுவது என்பது தீர்மானமாகு முன்னரே வேலையைத் தொடங்கியமை இதற்கு ஒரு பிரதான காரணம். இடைநடுவே, 1966 இல், உற்சொன் பொறுப்பிலிருந்து விலகினார். இன்று அம்மண்டபத்தை உலகம் புகழ்கின்றது. 2007 இல் அஃது உலக மரபுரிமைச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் முகாமைத்துவம் பயில்வோர் அதனை வேறொரு பாடத்துக்காகவும் படிக்கின்றனர்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. மகாவலி அபிவிருத்திக்கென 1960களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட பெருந்திட்டம் 30 ஆண்டுகளுக்குரியது. 1977 இன் பின்னர் அதன் முக்கிய பகுதிகளை 6 ஆண்டுகளுள் முடிப்பதென்று துரிதப்படுத்தினர். காலக் கயிற்றை இழுத்ததும் மற்றவையும் அசைந்தன. எல்லா வேலைகளையும் எடுக்க இயலவில்லை. தெரிந்தெடுத்த பெரிய அணைகளே முன்னே வந்தன. அவற்றுக்கும் வெளிநாட்டுப் பணம் பெருந்தொகையாக வேண்டியிருந்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலை அணைக்குச் சுவீடனும் உதவின. இரண்டும் 1985 இல் திறக்கப்பட்டன. காலத்தைக் குறைத்தால் அதற்குரிய விலையை வேறெங்கோ கொடுத்தே தீரவேண்டும் என்பதை விளங்கிக் கொண்டவனா என்பதையே நேர்முகப் பரீட்சையில் முதலாவதாக அளந்து பார்க்கின்றனர். "எல்லாவற்றையும் விரைவாகவும் மலிவாகவும் திறமாகவும் முடிப்பேன்" என்று சொல்பவனைக் கண்டு அவர்கள் மகிழ்வதில்லை; அஞ்சுகின்றனர்.

இவ்வறிவு நமக்கு அந்நியமானதன்று. திருக்குறளின் பொருட்பாலிலே 47 ஆம் அதிகாரம் முதல் 52 ஆம் அதிகாரம் வரை தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஆறு தலைப்புக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆராய்ந்து தொடங்குதல், கைவசமுள்ள வலிமையை அளத்தல், காலம் பார்த்தல், இடம் பார்த்தல், ஆளைத் தெரிதல், தெரிந்தவனிடத்தில் வேலையை ஒப்படைத்தல் என்னும் ஒழுங்கு ஒரு முகாமையாளனின் நாட்குறிப்புப் போலவே அமைந்திருக்கின்றது. அரசனுக்குச் சொல்லப்பட்டது இன்று ஒரு கட்டட வேலைத்தலத்து இளைஞனுக்கும் பொருந்துகின்றது.

இனி, சான்றிதழ்களைப் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்காவில் 1969 இல் தோன்றிய செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவகம் 1984 முதல் பி.எம்.பி. என்னும் தகுதிச் சான்றிதழை வழங்கி வருகின்றது. உலகெங்கும் இதற்கு மதிப்புண்டு. பிரித்தானிய அரசாங்கத்தின் தேவைக்காக உருவாகி 1996 இல் வெளிவந்த பிரின்ஸ் 2 என்னும் முறைக்கும் மதிப்புண்டு. ஆனால் நம் இளைஞர் பலர் அறியாத ஒன்று உண்டு. பி.எம்.பி. பரீட்சை புதியவருக்குரியதன்று. 2021 இல் நடைமுறைக்கு வந்த பரீட்சை ஒழுங்கின்படி, நான்காண்டுப் பட்டம் உடையவரும் செயற்றிட்டங்களை வழிநடத்திய 36 மாத அநுபவத்தைக் காட்டவேண்டியிருந்தது. இதனை விசாரியாது கடன்பட்டுப் பயிற்சி வகுப்பிற் சேர்ந்து, பணத்தைக் கட்டிய பின்னர் கைபிசைந்து நின்றோரை நாம் அறிவோம். அநுபவம் இல்லாதவருக்கென்றே அந்நிறுவகம் வழங்கும் சி.ஏ.பி.எம். என்னும் சான்றிதழ் உண்டு. அதற்கு 23 மணிநேரப் பயிற்சி கேட்கப்பட்டது. பணம் கட்டுமுன் அவ்வாண்டுக்குரிய விதிகளை நிறுவகத்தின் அறிவித்தலிலேயே வாசித்துக்கொள்ளல் நலம்.

சான்றிதழ் வேண்டா என்று நாம் கூறவில்லை. அதனைக் கற்பதால் தொழிலின் சொற்களும் முறைகளும் கைவரும். ஆனால் வரிசையில் நிற்கும் நூறுபேரில் ஐம்பதுபேரிடம் அதே சான்றிதழ் இருக்குமாயின், அது நம்மை வரிசையிற் சேர்க்குமேயன்றி வரிசையிலிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது யாது? நாம் கண்டவரையில் அஃது ஒன்றே. சிறிதோ பெரிதோ, ஒரு கருமத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பொறுப்பேற்று நடத்தி, அதைப் பற்றி உண்மையானதும் நுணுக்கமானதுமான கணக்கொன்றைச் சொல்ல வல்லவனாயிருத்தல்.

இவ்விடத்திலே நம்மவருக்கு உள்ள ஓர் இடர்ப்பாட்டை எடுத்துக் கூறவேண்டும். எம் நண்பர் ஒருவர் தம் ஊர் வாசிகசாலைக் கட்டடத்தைத் திருத்தும் வேலையில் ஓராண்டு உழைத்தவர். கொழும்பிலே ஒரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குச் சென்றார். "அதில் நீர் செய்தது என்ன?" என்று கேட்டார்கள். "எல்லோருமாகச் சேர்ந்து செய்தோம், ஐயா," என்றார். மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மூன்று முறையும் அதே விடை. உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. பின்னர் நாம் அவரை வினாவியபோது, மூன்று கடைகளில் விலைமனுக் கோரி ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். மேசன்மார் இருவருக்கிடையே எழுந்த பிணக்கைத் தீர்த்து வேலை நிற்காமற் காத்தவர் அவர். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய ஊரவருக்கு மாதந்தோறும் வரவுசெலவுக் கணக்கை அனுப்பியவரும் அவரே. "இவற்றை ஏன் அங்கு சொல்லவில்லை?" என்றோம். "தற்புகழ்ச்சி கூடாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள்," என்றார்.

இந்த விடையை நாம் நகைத்து ஒதுக்க முடியாது. தன்னடக்கம் நம் பெரியோர் தந்த செல்வம். ஆயினும் கேட்கப்பட்ட கேள்வியைச் சரியாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். 'நீர் எவ்வளவு பெரியவர்?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'உம்முடைய பங்கு எது?' என்றே கேட்கின்றனர். முன்னதற்கு விடை கூறுவது புகழ்ச்சி. பின்னதற்கு விடை கூறுவது கணக்கு. 'நாங்கள்' என்னும் சொல் உழைத்தவனையும் மறைக்கின்றது, உறங்கியவனையும் மறைக்கின்றது. கேட்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. இம்மேடையில் நாமும் 'நாம்' என்றே பேசி வருகின்றோம்; மேடைக்கு அது மரபு. நேர்முகப் பரீட்சையிலோ 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான்' என்றும், 'என் நண்பன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'என் நண்பன்' என்றும் சொல்லப் பழகவேண்டும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். நம்மைப் போன்ற ஒரு மன்றம் இரத்ததான முகாம் ஒன்றை நடத்தியதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் தன் விண்ணப்பத்திலே, 'இரத்ததான முகாம் நடத்துவதிற் பங்குபற்றியுள்ளேன்' என்று எழுதுகின்றான். மற்றொருவன் இவ்வாறு கூறுகின்றான்: 'முகாமின் ஒழுங்குகளுக்கு நான் பொறுப்பாயிருந்தேன். முந்திய ஆண்டு 41 பேர் மாத்திரமே இரத்தம் கொடுத்திருந்தனர். எல்லோரும் காலை ஒன்பது மணிக்கே திரண்டமையால் பலர் காத்திருந்து சலித்துத் திரும்பியதைப் பழைய அறிக்கையில் வாசித்தேன். நேரம் பிரித்து அழைக்கலாம் என்ற யோசனையைக் கூறியவன் என் நண்பன். அதற்குரிய பட்டியலைத் தயாரித்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நேரங் குறித்தவன் நான். 78 பேர் கொடுத்தனர். 30,000 ரூபா மதிப்பிட்டோம். 27,400 ரூபா செலவாயிற்று. பிற்பகலில் வரவிருந்தோர் மழையால் குறைந்தனர். அடுத்த ஆண்டு பருவமழைக்கு முன்னரே நடத்தவேண்டும் என்று அறிக்கையில் எழுதிவைத்தேன்.' சபையோரே, இவ்விருவருள் யாருக்கு வேலை கொடுப்பீர்கள்? இரண்டாமவன் தன்னைப் பற்றி ஒரு புகழுரையும் கூறவில்லை. நண்பனின் யோசனையை நண்பனுக்கே கொடுத்தான். குறைந்ததையும் மறைக்கவில்லை. ஆயினும் அவனுடைய ஆற்றல் தானே வெளிப்பட்டது.

அதே முகாமைக் கொண்டு முகாமைத்துவ நுட்பமொன்றையும் கற்கலாம். 1957 அளவிலே அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனத்தார், தம் இரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காக ஒரு கணிப்பு முறையை வகுத்தனர். எந்த வேலை எந்த வேலைக்குப் பிந்தியே நடக்கமுடியும் என்று தொடராக எழுதி, அவற்றுள் மிக நீண்ட தொடரைக் கண்டறிவது அம்முறை. அத்தொடரில் ஒரு நாள் பிந்தினால் முழுக் கருமமும் ஒரு நாள் பிந்தும். அதனை 'மாறுநிலைப் பாதை' என்பர். அடுத்த ஆண்டிலே அமெரிக்கக் கடற்படையினர் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு இதனையொத்த பேர்ட் என்னும் முறையை வகுத்தனர். ஏவுகணைக்கு மாத்திரமா இது உதவும்? இரத்த வங்கியார் வரும் நாளை உறுதிசெய்யாமல் துண்டுப்பிரசுரம் அச்சிட முடியாது. பிரசுரம் இல்லாமல் பெயர் திரட்ட முடியாது. பெயர் திரட்டாமல் நேரங் குறிக்க முடியாது. இதுவே நீண்ட பாதை. தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் ஒழுங்குசெய்வது இப்பாதையில் இல்லை. அதனைக் கடைசி வாரத்திலும் செய்யலாம். நம் கூட்டங்களிலோ, சிற்றுண்டியைப் பற்றி ஒரு மணிநேரம் விவாதிக்கின்றோம். இரத்த வங்கிக்குக் கடிதம் எழுதுவதை ஒத்திவைக்கின்றோம். இந்த வேறுபாட்டைத் தன் சொந்த அநுபவத்திலிருந்து விளக்கக்கூடிய இளைஞன், வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து ஒப்பிப்பவனிலும் பார்க்க மேலாக மதிக்கப்படுவான்.

இத்தகைய கணக்கைச் சொல்வதற்கு நினைவு மாத்திரம் போதாது, எழுத்து வேண்டும். நாம் பயின்ற மிஷன் கல்லூரியிலே சிறு பிள்ளைகளின் சங்கமாயினும், சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்து உறுதிப்படுத்திய பின்னரே புதிய கருமத்தை எடுக்க விடுவார்கள். அந்நாளில் அது வீண் சடங்காகத் தோன்றிற்று. இன்று அதன் அருமை தெரிகின்றது. மன்றத்தின் எந்த வேலையை ஏற்றாலும் ஒரு சிறு கொப்பியில் ஐந்து செய்திகளை எழுதி வாருங்கள்: தீர்மானித்தது என்ன, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள், எவ்வளவு பணம், இடையில் மாறியது என்ன. எக்செல் தாளில் எழுதினாலும் நன்றே. வேலை முடிந்ததும் திட்டமிட்டதையும் நடந்ததையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு தாளிற் சுருக்குங்கள். அப்படி மூன்று கருமங்களுக்கு மூன்று தாள்கள் உங்களிடம் இருக்குமாயின், எந்த நேர்முகப் பரீட்சைக்கும் நீங்கள் வெறுங்கையோடு செல்பவரல்லர்.

அடுத்தது விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்தை ஐம்பது இடங்களுக்கு அனுப்புவதிலும், ஐந்து இடங்களுக்கு ஐந்து விதமாய் எழுதுவது மேல். விளம்பரத்தை இரண்டுமுறை வாசித்து, அவர்கள் கேட்கும் தகுதிகளின் கீழ்க் கோடிடுங்கள். மென்பொருள் நிறுவனமொன்று ஸ்க்ரம் முறையிலும் ஜிராவிலும் பழக்கம் கேட்கின்றது. கட்டட நிறுவனமொன்று அளவைப் பட்டியலையும் காலவரைபடத்தையும் வாசிக்கத் தெரியுமா என்று கேட்கின்றது. அரசசார்பற்ற நிறுவனமொன்று உதவி வழங்குவோருக்கு அறிக்கை எழுதத் தெரியுமா என்று கேட்கின்றது. உத்தியோகப் பெயர் ஒன்றாயினும் தேவை வெவ்வேறு. தெரிந்ததை அவர்களுடைய சொல்லிலேயே எழுதுங்கள். ஏனெனில் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது மனிதரல்லர், கணினி. புதியவரின் விபரக்கோவை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாதிருத்தல் நன்று.

இக்காலத்திலே செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் அழகிய விண்ணப்பக் கடிதத்தை ஒரு நிமிடத்தில் எழுதித் தருகின்றது. எழுத்துப் பிழை திருத்த அது உதவுமாயின் மகிழ்ச்சியே. ஆனால் எல்லோரும் அதனிடமே கேட்பதால் எல்லாக் கடிதங்களும் ஒரே தாயின் பிள்ளைகள் போலத் தோன்றுகின்றன. மழை பெய்ததால் பிற்பகலிலே கொடையாளர் குறைந்த செய்தியை, அங்கு நின்றவனே எழுதமுடியும். ஆகவே முன்னெப்போதிலும் பார்க்க இப்போதுதான் நாம் மேலே சொன்ன கொப்பிக்கு மதிப்புக் கூடியிருக்கின்றது.

நேர்முகப் பரீட்சையிலே பெரும்பாலும் மூன்று வகைக் கேள்விகள் வருகின்றன. முதலாவது, வேலை பிந்தியபோது என்ன செய்தீர் என்பது. இங்கே பிந்தவேயில்லை என்று சொல்பவனை ஒருவரும் நம்பார். பிந்தும் என்பதை எப்போது அறிந்தீர், யாருக்கு அறிவித்தீர், எதைக் குறைத்து எதைக் காத்தீர் என்பதையே அவர்கள் கேட்க விரும்புகின்றனர். இரண்டாவது, உம்மிலும் வயதிலோ பதவியிலோ மூத்தவர் இணங்காதபோது என்ன செய்தீர் என்பது. முகாமையாளனுக்குப் பொறுப்பு மிகுதி, அதிகாரம் குறைவு. அவன் கட்டளையிட்டு வேலை வாங்க முடியாது, விளங்கவைத்தே வாங்கவேண்டும். மூன்றாவது, ஒரு புதிய திட்டத்தைச் சொல்லி, முதலில் என்ன செய்வீர் என்று கேட்பது. 'உடனே தொடங்குவேன்' என்பது உற்சாகமான விடை; ஆனால் சிட்னியில் அத்திவாரம் இட்டவர்களின் விடை. 'இதன் பயனை அடைவோர் யார், முடிந்தது என்று எதனைக் கொண்டு தீர்மானிப்பது, யாருடைய அநுமதி வேண்டும், எது தவறக்கூடும் என்று முதலில் கேட்டறிவேன்' என்பவனே பரீட்சகரின் மனத்தில் நிற்பான்.

மொழியைப் பற்றியும் கூறாமலிருக்க முடியாது. நிதி வழங்குவோருக்கு அறிக்கை ஆங்கிலத்தில். திணைக்களத்து உத்தியோகத்தரோடு சம்பாஷணை பெரும்பாலும் சிங்களத்தில். வடக்கு கிழக்கிலே வேலைத்தலத்துப் பேச்சு தமிழில். மூன்று இடத்திலும் நின்று பேசக்கூடிய இளைஞன் இந்நாட்டிலே எந்தத் திட்டத்துக்கும் கிடைத்தற்கரிய ஆள். ஆங்கிலத்துக்கு அஞ்சாத நம் இளைஞர் பலர் சிங்களத்தைக் கற்க எண்ணுவதில்லை. ஒரு சான்றிதழுக்குச் செலவிடும் பணத்திலும் காலத்திலும் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டால் பயன் பன்மடங்காகும். அவ்வாறே, மென்பொருட் கருவிகளைக் கற்பதிலுள்ள ஆர்வம், ஒரு பக்கக் கடிதத்தைப் பிழையின்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவதிலும் இருக்கவேண்டும்.

இளைஞர்களே, இன்னுமொரு வார்த்தை. பிறர் செய்ததைத் தாம் செய்ததாக எழுதும் வழக்கம் எங்கும் பரவி வருகின்றது. 'எல்லோரும் அப்படித்தான் எழுதுகின்றார்கள்' என்று நம்மிடம் சொல்லவும் செய்கின்றனர். உண்மை வழி ஒருபுறம் இருக்க, இஃது அறியாமையுமாகும். செய்யாதவனால் இரண்டாவது கேள்விக்கு விடை கூற முடியாது. 'அந்த முடிவை எடுத்தபோது வேறு எந்த வழிகளை ஆராய்ந்தீர்?' என்று ஒரு தடவை கேட்டால் போதும்; கட்டியது சரிந்துவிடும். ஒருவாறு தப்பி உத்தியோகம் பெற்றாலும், பிறருடைய பணத்தையும் காலத்தையும் ஒப்படைக்கும் இடத்தில் ஒரு பொய்க் கணக்கோடு போய் அமர்கின்றோம். பிந்தியதைப் பிந்தியது என்றும் குறைந்ததைக் குறைந்தது என்றும் நேரத்துக்குச் சொல்வதே இத்தொழிலின் உயிர். அந்த உயிரை வாசலிலேயே இழந்தவன் உள்ளே சென்று என்ன செய்வான்?

பெரியோர்களே, உங்களிடமும் பணிவோடு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. முதலாவது, மன்றத்தின் வேலைகளிலே இளைஞரிடம் கதிரை அடுக்கும் வேலையை மாத்திரம் கொடாதீர்கள். சிறியதாயினும் ஒரு முழுக் கருமத்தை, அதற்குரிய பணத்தோடும் நாளோடும், ஒப்படையுங்கள். கணக்கைக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் நடுவிலே பிடுங்கிக்கொள்ளாதீர்கள். வருங்காலத்தில் கோடிக்கணக்கான ரூபாத் திட்டங்களை நடத்தப்போகின்றவன் இன்று முப்பதினாயிரம் ரூபாவைக் கொண்டே பழகவேண்டும். இரண்டாவது, நற்சான்றுப் பத்திரம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, 'இவரைப் பல ஆண்டுகளாக அறிவேன், நல்லொழுக்கமுள்ளவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகின்றேன்' என்று எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுக்கின்றீர்கள். அன்பினால் எழுதுகின்றீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்லவன் என்று நூறுபேரைப் பற்றியும் எழுதினால் ஒருவனுக்கும் பயனில்லை. 'இந்தப் பிள்ளை இன்ன ஆண்டில் இன்ன வேலையை ஏற்றான். சொன்ன நாளில் முடித்தான். மிகுதிப் பணத்தைக் கணக்கோடு திருப்பித் தந்தான்' என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி அவனுக்கு ஒரு பட்டத்துக்கு ஒப்பாகும்.

இங்ஙனம் நாம் கூறியவற்றைச் சுருக்கினால், சான்றிதழைத் தேடுமுன் ஒரு கருமத்தைத் தேடி முடியுங்கள், முடித்ததை எழுதிவையுங்கள், எழுதியதிலே உங்கள் பங்கையும் மற்றவர் பங்கையும் நேர்மையாகப் பிரித்துச் சொல்லுங்கள். இதற்கு மூலதனம் ஒரு கொப்பியும் ஒரு பேனாவுமே. இதனை இன்றே தொடங்கலாம். இவ்வாண்டுக்குரிய வேலைத்திட்டம் அடுத்த வாரக் கூட்டத்திலே வகுக்கப்படவிருக்கின்றது என்று செயலாளர் சற்றுமுன் அறிவித்தார். அதிலே ஏதேனும் ஒன்றைத் தன் பொறுப்பென்று எழுந்து ஏற்கும் இளைஞர் பலராகுக என்று வேண்டி எமது உரையை நிறைவுசெய்கின்றோம்.